வரைபடத்தில் ஆளில்லாத நிலம்

போன மாதம் ஷர்மிளா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள், மதுரைக்காரி. அபுதாபியின் மேற்குக் கரையில், ருவைஸையும் தாண்டி, கடலோரமாக ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலை. பெயர் வேண்டாம். அதன் அவசரகாலக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை அமைப்புகளுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. வான் தாக்குதல் எச்சரிக்கைக் கருவிகளை மாற்ற ஐரோப்பாவிலிருந்து புதிய குழு வருகிறதாம். அதற்காகப் பழைய ஃபைல்களைப் புரட்டியிருக்கிறாள்.

"சார், ஒரு அக்செப்டன்ஸ் ஃபார்ம்ல உங்க கையெழுத்துக்குக் கீழ, 'கேம்ப் சேர்க்கப்படவில்லை, பேசியிருக்கிறேன்'னு பென்சில்ல தமிழ்ல எழுதியிருக்கு. என்ன சார் இது?"

"அது பெரிய கதைம்மா."

"எழுதிக் குடுங்க சார். இங்க யாரக் கேட்டாலும் அந்தப் பேச்சை விடுங்கிறாங்க."

சரி என்றேன். எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அவளுக்கு இதனால் ஏதாவது பயன் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்காது என்றுதான் தோன்றுகிறது.

நான் விருதுநகர்க்காரன். பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பிறகு துபாய் வந்து, கராமாவில் எட்டுப் பேர் தங்கிய ரூமில் மூன்று மாதம் கிடந்து, இந்த ஆலைக்கு வந்து சேர்ந்தேன். வந்த நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே வேலைதான். ஆபத்து வந்தால் மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துகொண்டு, மற்றவர்களுக்குச் சொல்வது.

வாயுக் கசிவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. டிடெக்டர் கத்தியதும் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு சைரன். பிறகு மைக்கில் மூன்று மொழியில், காற்றுக்குக் குறுக்கே நடக்கச் சொல்ல வேண்டும். கசிவுக்கும் ஆபத்துக்கும் நடுவே சில நிமிடங்கள் கிடைக்கும். இருபது வருடம் அந்தச் சில நிமிடங்களை நம்பித்தான் பிழைப்பு நடந்தது.

பக்கத்து நாட்டில் எண்ணெய் ஆலைகள் டிரோன் தாக்குதலில் எரிவதை எங்கள் அறை டிவியில் பார்த்தோம். அடுத்த வருடமே ஐரோப்பியக் கூட்டுக் குழு ஒன்று வந்தது. ரேடார் ஒரு நாட்டுடையது, கணக்குப் போடும் மென்பொருள் இன்னொரு நாட்டுடையது, வருவதைச் சுட்டு வீழ்த்தும் ஏவுகணை மூன்றாவது நாட்டுடையது. சுடுவது ராணுவத்தின் வேலை. எங்களுக்கு வந்தது ஒரே ஒரு எச்சரிக்கை டெலிபோன் லைன். அதை ஆலையின் சைரன்களோடு இணைப்பது என் பொறுப்பு.

குழுவின் தலைவர் யோஹான். நெதர்லாந்துக்காரர், விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டிங் தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது "ஏறக்குறைய" என்று சொன்னால், பென்சிலைத் தாளில் வைத்தபடி, அவர்கள் ஒரு எண்ணைச் சொல்லும்வரை சும்மா காத்திருப்பார். நன்றாகச் செய்தால் பாராட்ட மாட்டார். "அடுத்தது" என்பார். அவ்வளவுதான்.

அவர்தான் எங்களுக்கு நடைமுறையைப் பழக்கினார். லைன் ஒலித்தால் இடது கையால் எடுக்க வேண்டும், வலது கை பட்டனுக்கு. பெயர் சொல்லக் கூடாது, டெஸ்க் எண் மட்டும். அந்தப் பக்கம் ஒரு நிறமும் ஒரு திசை எண்ணும் சொல்வார்கள். அதைத் திருப்பிச் சொல்லி, பட்டனை அழுத்தி, நேரத்தை எழுத வேண்டும். முதல் நாள் என்னை முப்பது முறை செய்ய வைத்தார். முப்பதாவது முறையும் "அடுத்தது" என்றார்.

அந்தக் கூட்டு வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலைப் பொழுது முழுவதும் யாருடைய கடிகாரப்படி நேரம் எழுதுவது என்பதற்கே போனது. ஒரு கம்பெனியின் ரகசியத்தை இன்னொரு கம்பெனி பார்க்கக் கூடாது. அதனால் நடுவில் ஒரு பெட்டி வைத்தார்கள். ஒருவரின் தகவலை அது மற்றவருக்கு மாற்றிக் கொடுக்கும். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரிந்தவர் மூன்று நாட்டிலும் யாரும் இல்லை. யோஹான் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "எங்கள் ஊரில் இப்படி ஒரு அறையே கிடையாது, மிஸ்டர் கதிர். தேவைப்படாது என்று நினைத்துவிட்டோம். இங்கே கற்றுக்கொள்வதைத்தான் அங்கே கொண்டுபோகப் போகிறோம்."

ஒருநாள் வரைபடம் ஒன்றைக் காட்டினார்கள். எதிரியின் ஏவுகணையோ டிரோனோ தெற்கிலிருந்து, பாலைவனத்துக்கு மேலாக வரும் என்பது கணக்கு. அதை வழியிலேயே அடித்தால் உடைந்த துண்டுகள் எங்கே விழும் என்று நீள்வட்டமாக ஒரு பகுதிக்குச் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். அதன்மேல் ஆங்கிலத்தில் 'ஆளில்லாத நிலம்' என்று எழுதியிருந்தது.

நான் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் ஆலைக்குத் தெற்கே எட்டு கிலோமீட்டரில் ஒரு சப்-கான்ட்ராக்ட் கம்பெனியின் லேபர் கேம்ப் இருந்தது. அந்த நீள்வட்டத்தின் நட்டநடுவில்.

"இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்" என்றேன்.

மென்பொருள் கம்பெனிக்காரர் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "நிரந்தரக் கட்டடங்களின் பட்டியலில் இல்லையே" என்றார். "தற்காலிகக் கேபின்களாக இருக்கலாம். பகலில் எல்லாரும் சைட்டில் இருப்பார்கள்."

யோஹான் நோட்டை மூடினார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, "எப்போது போகலாம்?" என்று என்னைக் கேட்டார்.

அந்த கேம்ப்பில் எனக்குத் தெரிந்தவன் மூக்கையா. கமுதிப் பக்கத்து ஆள், சாரம் கட்டுகிற குழுவுக்கு ஃபோர்மேன். எங்கள் சைரன் கம்பங்களுக்குச் சாரம் கட்டியது அவன் ஆட்கள்தான். கட்டும்போதே கேட்டான், "அண்ணே, இது எங்க கேம்ப்புக்குக் கேக்குமா?" என்று. கேட்காது என்பது எனக்கு அப்போதே தெரியும். "பாப்போம்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் யோஹானைக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசை வரிசையாகத் தகரக் கேபின்கள். மூக்கையா டீ போட்டுக் கொடுத்தான். அவன் ரூமில் இருந்த பால்பாண்டி, உட்கார நாற்காலி இல்லை என்று தன் கட்டிலின் போர்வையை உதறி விரித்து யோஹானை உட்காரச் சொன்னான். சாயல்குடிப் பக்கத்துப் பையன், முப்பது வயதுதான் இருக்கும். கிரேனில் பாரம் கட்டுகிற ரிக்கர் வேலை. யோஹான் எழுந்து கூரைத் தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அது உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது.

"காலை பத்து மணிக்கு இங்கே எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று என்னைக் கேட்டார். நான் மூக்கையாவைக் கேட்டேன்.

"பாதிப் பேரு இருப்பாங்கண்ணே. நைட் ஷிப்ட் பாத்தவன் பகல்ல தூங்காம எங்க போவான்?"

யோஹான் ஒவ்வொரு வரிசையாக நடந்து கேபின்களை எண்ணினார். பால்பாண்டியின் பெயரைக் கேட்டு, எழுத்துக் கூட்டி, நோட்டில் எழுதிக்கொண்டார். திரும்பும்போது பால்பாண்டி வண்டி வரை கூடவே வந்தான்.

"சார், சைரன் வெப்பாங்களா?"

"வெப்பாங்கப்பா. அடுத்த மாசத்துக்குள்ள வந்துரும்" என்றேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் புரியவில்லை.

யோஹான் நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி மூன்று கம்பெனிகளுக்கும் அனுப்பினார். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. துண்டுகள் விழும் பகுதியை மாற்றினால் சுடும் விதிகள் மாறும், அதற்கு மூன்று நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது ஒன்று. வரைபடம் எங்களுடையது, ஆனால் அதற்கான தகவல் எங்களுடையது இல்லை என்றது இரண்டாவது. மூன்றாவது கம்பெனி, குறிப்புக்கு நன்றி என்று மட்டும் எழுதியது.

சரி, கேம்ப்பில் ஒரு சைரனும் நாலு கான்கிரீட் பதுங்கு அறைகளுமாவது வைக்கலாம் என்று எங்கள் பக்கத்திலிருந்து முயன்றோம். கேம்ப் எங்கள் கம்பெனியின் நிலத்தில் இல்லை. சப்-கான்ட்ராக்ட் கம்பெனியோ, புராஜெக்ட் ஆறு மாதத்தில் முடிகிறது, கேம்ப்பையே பிரிக்கப் போகிறோம் என்றது. ஆறு மாதம் முடிந்ததும் புராஜெக்ட்டை நீட்டித்தார்கள். மறுபடியும் நீட்டித்தார்கள்.

அதற்குள் உக்ரைனில் போர் தொடங்கிவிட்டது. ஐரோப்பாவுக்கே அவசரம். எங்களுக்கு வர வேண்டிய உதிரி பாகங்கள் தாமதமாயின, ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பப் போனார்கள். கடைசியில் யோஹானையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகும் நாள் அந்த நான்கு பக்கத்தின் நகலை என்னிடம் கொடுத்து, "இதை விட்டுவிடாதீர்கள்" என்றார். அதன் பிறகு குழு என்பது மாதம் ஒருமுறை கம்ப்யூட்டர் திரையில் தோன்றும் முகங்களாகிவிட்டது.

இப்போது ஷர்மிளா கேட்ட ஃபார்முக்கு வருகிறேன்.

வருடம் ஒருமுறை எச்சரிக்கை அமைப்பை நாங்கள் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு வரி: துண்டுகள் விழும் பகுதியில் மனிதர்கள் வாழும் இடங்கள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை சென்றடையும். அந்த வரியைக் காட்டி, என்னால் போட முடியாது என்றேன். எங்கள் பிரிவின் மேலாளர் ராவ் கெட்டவர் இல்லை. என் பெண் கல்யாணத்துக்கு விருதுநகர் வரை வந்துபோனவர்.

"கதிர், நீங்க கையெழுத்துப் போடலேன்னா சிஸ்டம் ஆஃப் ஆயிடும்" என்றார். "அப்போ ஆலைக்கும் சைரன் இல்லை, நம்ம குடும்பங்க இருக்கிற டவுன்ஷிப் ஸ்கூலுக்கும் இல்லை. அது பரவாயில்லையா? கேம்ப் எப்படியும் போகப் போகுது. உங்களுக்கும் ரிட்டயர்மென்ட்டுக்கு ஒண்ணரை வருஷம்தான் இருக்கு."

ஸ்கூலைச் சொன்னதும் ஃபார்மை மறுபடி என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஒன்றை வைத்து ஒன்றை மறைப்பதற்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, கீழே பென்சிலில் தமிழில் அந்த வரியை எழுதினேன். அந்த ஃபார்மைப் பார்க்கப் போகிறவர்கள் யாராலும் படிக்க முடியாத மொழியில், அழித்துவிடக் கூடிய பென்சிலில். அவ்வளவுதான் என் துணிச்சல்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் வளைகுடாவிலும் போர் மூண்டு எங்கள் வானத்துக்கு வந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தே கால். லைன் ஒலித்தது. இடது கையால் எடுத்தேன். சிவப்பு என்றும் தெற்குத் திசை எண்ணையும் சொன்னார்கள். திருப்பிச் சொல்லி, பட்டனை அழுத்தி, நேரத்தை எழுதினேன்.  ஆலை முழுதும் சைரன் எழுந்தது. திரையில் ஆட்கள் பதுங்கு அறைகளுக்குள் போவது தெரிந்தது. ஓடாமல், பழக்கியபடியே நடந்து போனார்கள். டவுன்ஷிப் ஸ்கூலிலிருந்து எல்லாரும் உள்ளே என்று செய்தி வந்தது.

தெற்கே இரண்டு முறை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி மெல்லக் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் லைனில் ஐரோப்பியக் குரல் ஒன்று, "முடிந்தது. இரண்டும் வீழ்த்தப்பட்டன" என்றது. அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ராவ் என் தோளைத் தட்டினார்.

நான் மூக்கையாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். மூன்றாம் முறை யாரோ எடுத்தார்கள். பீகார்க்காரக் குரல்.

"பாய், ஊப்பர் ஸே லோஹா கிரா" என்றான். அண்ணே, மேலேயிருந்து இரும்பு விழுந்துச்சு.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கேம்ப் வாசலில் ஆட்கள் உள்ளாடையோடும் லுங்கியோடும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கியவர்கள். மூக்கையா இருந்தான். பல் விளக்கக் குழாயடிக்குப் போயிருந்திருக்கிறான். வாயோரம் பேஸ்ட் நுரை அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது.

"பால்பாண்டிண்ணே" என்றான்.

கூரையில் ஒரு துளை. கட்டிலுக்கு நேர் மேலே. உள்ளே போன என்னை யாரும் தடுக்கவில்லை. பார்த்ததை எழுதப் போவதில்லை. கேஸ் சிலிண்டர் அளவுக்கு ஒரு உலோக உருளை, தரையில் பாதி புதைந்து கிடந்தது. அதன் பக்கவாட்டில் பெயின்ட்டில் எழுத்துகள். அந்த எழுத்துகளை எனக்குத் தெரியும். எங்கள் ஸ்டோரில் இறங்கிய ஐரோப்பியக் குழுவின் பெட்டிகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். எதிரி அனுப்பியது இல்லை அது. எங்களைக் காப்பாற்ற ஏவிய ஏவுகணையின் பின்பகுதி.

மூக்கையா என்னைத் திட்டியிருக்கலாம். அவன் கேட்டதெல்லாம் வேறு.

"அவன் வீட்டுக்கு என்னன்னு சொல்றதுண்ணே? சைட்ல விழுந்துட்டான்னா நம்புவாங்க. தூங்குறப்ப வானத்துல இருந்து விழுந்துச்சுன்னா எப்படிண்ணே நம்புவாங்க?"

இரண்டு வாரம் கழித்து ஆய்வுக் கூட்டம், வீடியோவில். யோஹானையும் அழைத்திருந்தார்கள். தலை முழுக்க நரைத்துப் போயிருந்தது. ஒரு இளம் பெண் அறிக்கையை வாசித்தாள். தாக்குதல் முழுமையாக முறியடிக்கப்பட்டது. துண்டுகள் அனைத்தும் முன்பே கணித்த பகுதிக்குள்ளேயே விழுந்தன. ஆகவே கணிப்பு முறை சரியென்று நிரூபணமாகிறது, ஐரோப்பிய நகரங்களுக்கும் இதையே பயன்படுத்தலாம்.

யோஹான் கை தூக்கினார். "அங்கே ஆட்கள் இருப்பதாக எழுதியிருந்தேன்."

"அது உள்ளூர் நிர்வாகத்துக்கான குறிப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது" என்றார் கூட்டத்தின் தலைவர்.

"இறந்தவர் பெயர் என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. "பால்பாண்டி" என்றேன். யோஹான் குனிந்து தன் பழைய நோட்டைப் புரட்டினார். 

அறிக்கையில் அந்தப் பெயரைச் சேர்க்கும்படி நான் எழுதி அனுப்பினேன். தனிநபர் விவரங்களை நாடுகளுக்கிடையே பகிரும் ஆவணத்தில் போட விதி இடம் தராது என்று பதில் வந்தது. மிக மரியாதையான பதில். யோஹான் பின்னால் தனியாக ஒரு கடிதம் எழுதினார். தன் ஊருக்கும் இப்போது அதே மாதிரி வரைபடம் போடுகிறார்கள் என்றும், அகதிகள் தங்கியிருக்கும் கன்டெய்னர் வீடுகள் அதில் இல்லை என்றும், தான் எழுதிய குறிப்புக்கு நன்றி என்று பதில் வந்திருக்கிறது என்றும்.

அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற்றேன். நான் ஊருக்கு வந்த பிறகு, தானும் லீவில் வந்திருப்பதாக மூக்கையா போனில் சொன்னான். அவனையும் கூட்டிக்கொண்டு சாயல்குடிப் பக்கம் பால்பாண்டி வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டேன்.

பால்பாண்டியின் மனைவி செல்வி எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, நிலைப்படி ஓரமாக நின்றாள். அவளாகவே கேட்டாள்.

"சார், நீங்கதான சைரன் சார்? ஆபத்துன்னா சைரன் அடிக்கும், ஓடிப்போய் பதுங்கிக்கிருவோம், அந்த சார் சொல்லிருக்காருன்னு போன்ல சொல்லுவாரு. குண்டு விழுந்துச்சுன்னாக, அன்னைக்கு அடிக்கலையா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். வாயைத் திறப்பதற்குள் மூக்கையா முந்திக்கொண்டான்.

"அடிச்சுச்சு ஆத்தா. நல்லாத்தான் அடிச்சுச்சு. எங்களுக்கெல்லாம் கேட்டுச்சு. இவன் நைட் ஷிப்ட் முடிச்சு அசந்து தூங்கிட்டான். உசுப்ப நேரமில்லாமப் போச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவருக்கு எப்பவும் தூக்கம் கெட்டிண்ணே" என்றாள். "அன்னைக்குக் காலையில டூட்டி முடிஞ்சு வந்து பேசுனாரு. எம்புட்டு நேரம் பேசுவீக, போனை வெச்சுட்டுப் படுங்கன்னு நாந்தான் சொன்னேன்."

 காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்துக் குடித்தேன்.

பஸ் ஸ்டாப்பில் மூக்கையாவைக் கேட்டேன், "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நான் இன்னும் அங்கதான வேலை பாக்குறேண்ணே" என்றான். பிறகு ரோட்டைப் பார்த்தபடி, "சைரனே வெக்கலைன்னு தெரிஞ்சு அந்தப் புள்ள என்ன செய்யும்? யார்ட்டப் போயி கேக்கும்? உங்ககிட்டயா?" என்றான்.

அங்கிருந்து அந்த வீட்டுக்கு ஐந்து நிமிட நடைதான். திரும்பிப் போயிருக்கலாம். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன். அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. செல்வி இன்றைக்கும் தன் புருஷன் தூங்கிப் போனதால் செத்தான் என்றும், தூங்கச் சொன்னது தான்தான் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.